மற்ற ஆறு நாட்களை ஒப்படைக்கிறோம்

மலை மருத்துவ முதுநிலைப் பயிற்சி நிலையத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறும் எங்கள் டாக்டரம்மா அவர்களுக்கு, நிலையத்தின் ஊழியர்கள் அனைவரும் ஒன்றுகூடி அன்போடு வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

பெருமதிப்பிற்குரிய அம்மா,

மூச்சு முட்டும் முகட்டிலும் முகம் சுளிக்காத மருத்துவரே! பனி மறைத்த பாதையிலும் பதறாத பண்பாளரே! மலையில் ஏறக் கற்றுத்தருவோர் பலர் இருக்க, ஏறியவரை உயிரோடு வீடு சேர்க்கக் கற்றுத்தந்த எங்கள் ஆசானே!

இதே தோரணையில் இன்னும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தோம். கயிறும் ஸ்ட்ரெச்சரும் சொல்லித்தரும் நம் கயிற்றண்ணன் அதைப் படித்துவிட்டு, "இவ்ளோ சுமையைத் தலையில வச்சா அம்மா எப்படிக் கீழ இறங்குவாங்க? பாதியை இங்கயே இறக்கி வைங்கப்பா" என்றார். இறக்கி வைத்துவிட்டோம்.

இந்த விழாவை மேலே நம் கூடத்தில் நடத்தாமல், பாதி மலையில், வளைவு டீக்கடையின் பின்பக்க அறையில் ஏன் நடத்துகிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முதலில் மேலேதான் ஏற்பாடு செய்தோம். நாற்காலிகூடப் போட்டுப் பார்த்தோம். நடுவில் உங்களுக்கு ஒன்று, பக்கத்தில் உங்கள் கணவருக்கு ஒன்று. அவருக்குப் போட்ட நாற்காலியின் ஆட்டத்தைக் கயிற்றண்ணன் காகிதம் மடித்து வைத்துச் சரிசெய்தும் விட்டார். அப்போதுதான் உள்ளே வந்த தலைமை நர்ஸ், அதாவது நம் எல்லோருக்கும் சிஸ்டரக்கா, அப்படியே நின்றுவிட்டார். "இது யாருக்கு? ஐயாவுக்கா? அவர் இங்க வந்தா நுரையீரல்ல தண்ணி கோத்துக்கும்னு ஊருக்கே தெரியும். நாமதான் மலை மருத்துவம் சொல்லிக் குடுக்கிறவங்க. நல்லா விளங்கும்" என்றார். வைத்தியன் வீட்டில்தான் மருந்து இருக்காது என்பார்கள். எங்கள் வீட்டில் மூளையும் இல்லை. நாற்காலிகளை ஜீப்பில் ஏற்றி இங்கே கொண்டுவந்து போட்டுவிட்டோம். காகித மடிப்பும் கூடவே வந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். இனி இந்த மடல் கொஞ்ச நேரம் 'நீங்கள்' என்று பேசாது. நம் நிலையத்தில் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து நடந்ததைச் சொல்வோம். சொல்பவர் 'நான்' என்று வாயைத் திறக்கக் கூடாது. எதிரில் இருப்பவரைப் பார்த்து 'நீ' என்று கை நீட்டவும் கூடாது. 'டாக்டர் போனார், நர்ஸ் பார்த்தார்' என்று வேறு யாருடைய கதையையோ போலச் சொல்ல வேண்டும். அந்த விதியைப் போட்டவர் டாக்டரம்மாதான். ஏன் என்று முதல் வருஷத்தில் ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்னது: "'நான்'னு ஆரம்பிச்சா பாதி பெருமையில போகும், மீதி அழுகையில போகும். 'நீ'ன்னு ஆரம்பிச்சா மொத்தமும் சண்டையில போகும். என்ன நடந்துச்சுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

அந்த முறையிலேயே அவருடைய கதையைச் சொல்கிறோம். அவர் மனசுக்குள் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்க வேண்டாம். கொஞ்சம் அவரே சிஸ்டரக்காவிடம் சொன்னது, கொஞ்சம் அவர் கணவர் சொன்னது. மிச்சம், இத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியாமலா போகும்?

டாக்டரம்மா இந்த மலைக்கு வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கணவருக்குக் கீழே ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை. நிலையம் என்று அன்றைக்கு இருந்தது ஒரு நீளமான அறை, ஒரு கரும்பலகை, புகையை வெளியே விடாமல் உள்ளே விடும் ஓர் அடுப்பு. படித்து முடித்து வேலையில் இருக்கும் டாக்டர்களையும் நர்ஸ்களையும் ஆம்புலன்ஸ் ஊழியர்களையும் வரவழைத்து, உயரத்தில் மனித உடம்பு என்னென்ன வேடம் போடும் என்று ஒரு வருஷம் சொல்லித்தர வேண்டும். ஊசி குத்தத் தெரிந்தவர்களுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. முடிச்சுப் போடத் தெரிந்தவர்களுக்கு ஊசியைக் கண்டால் மயக்கம் வரும். இவர்களை வைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார்.

முதல் கோடையில் கணவர் மேலே வந்தார். மனைவி வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கணவர் வர வேண்டும் என்று அவருக்கும் ஆசை. ஆசைக்கு அவசரம் கூடப் பிறந்தது. மெதுவாக ஏறு, இடையில் தங்கி ஏறு, உடம்புக்கு அவகாசம் கொடு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதுகிற டாக்டரம்மா, தன் கணவர் சாமான் ஜீப்பில் ஒரே மூச்சில் மேலே வந்து இறங்கியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மறுநாள் கணவர் இருமினார். "ஜலதோஷம்தான், விடு" என்றார். டாக்டரம்மா விட்டார். நோயாளி சொல்லும் எதையும் பாதிக்கு மேல் நம்பாதவர், கணவர் சொன்னதை முழுசாக நம்பினார். கோட்டுப் பையில் ஸ்டெத்தஸ்கோப் இருந்தது. ஆனால் தலை வைத்துப் படுத்த நெஞ்சில் கருவியை வைக்க ஏனோ அவருக்குக் கூச்சமாக இருந்தது. வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விடும்போது கொதிக்கும் பாத்திரம் போல ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்க ஸ்டெத்தஸ்கோப்கூடத் தேவைப்படவில்லை.

அவரை அழுத்தப் பைக்குள் படுக்க வைத்தார்கள். ஆள் நீளத்துக்கு இருக்கும் அந்தப் பைக்குள் நோயாளியை வைத்து மூடி, வெளியிலிருந்து காலால் காற்றடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே இருப்பவருக்கு மலையின் கீழே இருப்பது போன்ற காற்று கிடைக்கும். கயிற்றண்ணனும் மற்றவர்களும் மாறி மாறி மிதித்தார்கள். பையில் உள்ளங்கை அகலத்தில் கண்ணாடி போன்ற ஒரு ஜன்னல் உண்டு. அதில் முகத்தை வைத்த டாக்டரம்மா எடுக்கவே இல்லை. கொஞ்சம் தேறியதும் ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். இந்த வளைவு வந்ததும்தான் அவர் கண்ணைத் திறந்து, "டீ கிடைக்குமா?" என்று கேட்டார். டாக்டரம்மா அப்போதுதான் அழுதார். அதுவரை கூட இருந்த சிஸ்டரக்கா அன்றைக்குப் புது நர்ஸ். "டாக்டர், டீ அவருக்கா உங்களுக்கா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அடுத்த கோடையில் இன்னொரு முறை முயன்றார்கள். இம்முறை ஆற அமர, தங்கித் தங்கித்தான் ஏறினார். அப்படியும் மேலே வந்து சேர்ந்த உடனே அதே இருமல், அதே கொதிக்கும் சத்தம். சில பேருக்கு உடம்பின் வார்ப்பே அப்படி. உயரம் அவர்களுக்கு ஆகவே ஆகாது. யார்மேலும் குற்றம் சொல்ல முடியாது.

மாத்திரை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று கணவர் சொல்லிப் பார்த்தார். "மாத்திரையை நம்பி ஏறினவங்களைத்தான் நான் தூக்கிட்டு இறங்கிட்டிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன்" என்றும் சொன்னார். இந்த டீக்கடையின் வெளி பெஞ்சில் உட்கார்ந்துதான் அந்தப் பேச்சு நடந்தது. கணவர் வெகுநேரம் தன் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு சொன்னார்: "நீ மேல இரு. நான் கீழ இருக்கேன். நடுவுல நல்ல டீக்கடை ஒண்ணு இருக்கு. எத்தனை புருஷன் பொண்டாட்டிக்கு இப்படி வாய்க்கும்?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டாக்டரம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்பதால், பிறகு இருவரில் எவருக்கும் அதைப் பற்றி வருத்தப்பட முகாந்திரமே இல்லாமல் போயிற்று.

அன்று தொடங்கியது ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம். டாக்டரம்மா சாமான் ஜீப்பில் இறங்கி வருவார். அவர் கணவர் பஸ்ஸில் ஏறி வருவார். மூலை மேஜை. இரண்டு டீ. ஜீப் டிரைவர் சாமான் ஏற்றி முடித்ததும் ஹாரன் அடிப்பார். டாக்டரம்மா எழுந்து ஓடுவார். டம்ளரில் பாதி டீ அப்படியே இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரு டீயையாவது முழுசாகக் குடித்துக் கடைக்காரர் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் டீ சரியில்லையோ என்று அவர் தூளை மாற்றிக்கூடப் பார்த்தாராம்.

பனி விழுந்து பாதை அடைபடும் மாதங்களில் அதுவும் கிடையாது. போன்தான். போன் அலுவலக அறையில், சுவரில் இருக்கும். டாக்டரம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசுவார். நாங்கள் கேட்காத மாதிரி வேலை செய்வோம். "ம்... சாப்ட்டேன்... நீங்க?... ம்... பாதை இன்னும் தொறக்கல... ம்... சரி." ஒரு குளிர்காலத்துக் குடும்ப வாழ்க்கை இவ்வளவுதான். போனை வைத்தபின் அவர் உடனே திரும்ப மாட்டார். சுவரில் மாட்டியிருக்கும் மலைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அந்தப் படத்தை அவரே மாட்டினார். அதில் அவருக்குத் தெரியாத எந்தப் பாறையும் இல்லை.

மற்றபடி அவரைப் பார்த்து யாரும் தனிமை என்று சொல்லிவிட முடியாது. நாள் முழுக்க அவரைச் சுற்றி ஆட்கள். பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரையும் ஒரு முறை ஸ்ட்ரெச்சரில் கட்டி, கண்ணை மறைத்து, பாதை நெடுகத் தூக்கிக்கொண்டு போக வைப்பார். தூக்கப்படுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று தூக்குகிறவனுக்குத் தெரிய வேண்டும். தூக்குமுன் நோயாளியின் காதருகே குனிந்து, "போகலாமா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்க வேண்டும். நினைவில்லாத நோயாளியிடமும் கேட்க வேண்டும். "பதில் வராதே மேடம்" என்றார் ஒரு டாக்டர். "உங்க வீட்ல நீங்க கேக்கிற எல்லாத்துக்கும் பதில் வருதா? கேக்கறதை நிறுத்திட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

அழுத்தப் பைக்கு ஒரு விதி. மிதிப்பவர் மாறலாம், ஜன்னலில் முகம் மட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது. இறங்குவதற்கு ஒரு விதி. உயரத்தால் உடம்பு கெட்டவரை ஒருபோதும் தனியாக இறக்கக் கூடாது. அவர் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் நிச்சயமாகக் கூடாது. "ஒண்ணும் இல்லாதவன் தலைவலி, கால்வலின்னு புலம்புவான். மூளை வீங்கினவன்தான் 'எனக்கு ஒண்ணும் இல்ல'ம்பான்" என்பது இங்கே பயின்ற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். இன்று எத்தனையோ மலைகளில் எத்தனையோ பேர் அந்த விதிகளால் உயிரோடு இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே பயின்றவர்கள் எல்லோரும் பனி வெளிச்சத்துக்குப் போட்டுக்கொண்டது, இரு பக்கமும் தோல் மறைப்பு வைத்த கறுப்புக் கண்ணாடி. அது அத்தனையும் அந்தக் கீழ் ஊர்க் கடையில் செய்தது. செய்தவரை அவர்களில் பாதிப்பேர் பார்த்ததே இல்லை. கண்ணாடி ஐயா என்று பெயர் மட்டும் தெரியும்.

மாலையில் வகுப்பு முடிந்து எல்லோரும் அவரவர் அறைக்குப் போனபின், டாக்டரம்மா சமையலறை ஜன்னலோரம் நின்றுகொண்டு சாப்பிடுவார். நாற்காலி இருக்கும். அதில் தன் பையை வைத்திருப்பார். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரில் ஒருவர் இல்லாதது தெரிந்துவிடும் என்பதால்தான் நிற்கிறாரோ என்று எங்களுக்குத் தோன்ற வெகு காலம் பிடித்தது. தோன்றியபின் கேட்கத் துணிச்சல் வரவில்லை.

இந்த வருஷம் ஓய்வு நெருங்கியது. ஒருநாள் டாக்டரம்மா நிர்வாகத்திடம் போய், சமையலறைக்குப் பின்னாலிருக்கும் சின்ன அறை சும்மாதானே கிடக்கிறது, அதைத் தனக்குக் கொடுத்தால் அங்கேயே தங்கி அவ்வப்போது வகுப்பு எடுப்பேன் என்று கேட்டார். நிர்வாகத்துக்குக் கரும்பு தின்னக் கூலியா? உடனே சரி என்றது. செய்தி சிஸ்டரக்கா காதுக்கு வந்தது. டாக்டரம்மா வழக்கம்போல அழுத்தப் பையை விரித்துப்போட்டுத் தையல் தையலாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டரக்கா எதிரில் போய் உட்கார்ந்தார்.

"கீழ போகப் போறீங்களா இல்லையா?"

"போலாம். அவசரம் என்ன?"

"இருபத்தாறு வருஷம் கழிச்சு அவசரம் என்னன்னு கேக்கறீங்க."

டாக்டரம்மா பையின் ஜன்னலைத் துணியால் துடைத்தார். "அவருக்கு ஞாயித்துக்கிழமைப் பொண்டாட்டிதான் பழக்கம். தலை சீவி, நல்ல புடவை கட்டி, சிரிச்ச மூஞ்சியா வர்றவ. திங்கக்கிழமை நான் எப்படி இருப்பேன்னு அவருக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்கட்டும்."

"தெரிஞ்சப்புறம் பிடிக்கலைன்னா? இந்த வயசுல எங்க போறது? அதுவும் அவர் இன்னும் ஒரு தடவைகூட 'வா'ன்னு சொல்லல."

"நீங்க கேட்டீங்களா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அக்கா. நான் இங்க நல்லாத்தான் இருக்கேன்."

சிஸ்டரக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். "மேடம், 'எனக்கு ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னா என்ன செய்யணும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கீங்க?"

டாக்டரம்மா பையை மடித்தார். மடிப்பு கோணலாக விழுந்தது. மறுபடி பிரித்து மடித்தார்.

அடுத்த சாமான் ஜீப்பில் சிஸ்டரக்காவும் கயிற்றண்ணனும் கீழே ஊருக்குப் போனார்கள். கண்ணாடிக் கடை தெருக்கோடியில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு. ஐயா லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் முதல் கேள்வி, "அவளுக்கு ஏதாவது...?" என்றுதான்.

"அவங்க நல்லா இருக்காங்க. நீங்கதான் சரியில்ல" என்றார் சிஸ்டரக்கா. "ஏன் ஐயா அவங்களை இன்னும் வான்னு கூப்பிடல?"

ஐயா இயந்திரத்தை நிறுத்தினார். "கூப்பிட்டா வந்துடுவா. அதனாலதான் கூப்பிடல."

"புரியல."

"அன்னிக்கு அந்தப் பைக்குள்ள கெடந்தேன். ஜன்னல்ல அவ முகம் மட்டும் தெரிஞ்சுது. அப்ப நினைச்சேன், நான் பொழைச்சா என்னால இவ ஒரு நாளும் இறங்கி வரக் கூடாதுன்னு. இப்ப மட்டும் எப்படிக் கூப்பிடறது? வரணும்னு அவளுக்கே தோணி வந்தா, அது வேற."

கயிற்றண்ணன் அதுவரை சுவரில் தொங்கிய கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முடிச்சுகளோடு வாழ்பவர். "ரெண்டு பேரும் கயித்தோட ஆளுக்கொரு முனையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ இழு, நீ இழு'ன்னு நிக்கிறீங்க" என்றார்.

ஐயா எழுந்து உள்ளே கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டினார். சின்ன வீடு, சுத்தமான வீடு. சாப்பாட்டு மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலி. அவருக்கே அது அப்போதுதான் கண்ணில் பட்டது போல இருந்தது. "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "அவ காலையில எழுந்ததும் டீ குடிப்பாளா, இல்ல குளிச்சிட்டுக் குடிப்பாளா? எனக்குத் தெரியாது. கல்யாணமான புதுசுல எப்படின்னு மறந்துபோச்சு. அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் எப்பவும் குளிச்சிட்டுத்தான் சந்திச்சிருக்கோம்."

சிஸ்டரக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. திரும்பி வரும்போது ஜீப்பில் அவர் சொன்னார்: "அந்த மனுஷனுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் கெடைச்சுது. மிச்ச ஆறு நாளும் நம்மகிட்டல்ல இருக்கு."

அம்மா, நடந்தது இதுதான். வட்டத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டோம். இனி 'நீங்கள்' என்று பேசலாம். இதையெல்லாம் சபையில் சொல்ல ஐயாவிடம் அனுமதி வாங்கினோம். உங்களிடம் வாங்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டீர்கள்.

நோயாளியைக் கைமாற்றும்போது என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் எங்களுக்குப் பழக்கியிருக்கிறீர்கள். ஒப்படைப்பவர் தெரிந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும்வரை பொறுப்பு கைமாறவில்லை. இது பெண்ணைப் பிடித்துக் கொடுக்கும் சடங்கல்ல. உங்களைப் பிடிக்கவோ கொடுக்கவோ யாரால் முடியும்? எங்களிடம் இருக்கும் ஆறு நாட்களை மட்டும் உரியவரிடம் ஒப்படைக்கிறோம்.

ஐயா, கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மா விடியுமுன் எழுந்துவிடுவார். குளிக்குமுன் பால் இல்லாத டீ. அது உள்ளே போகும்வரை பேச்சு வராது. கோபம் என்று நினைக்க வேண்டாம்.

என்ன குளிராக இருந்தாலும் ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்திருக்க வேண்டும். குறட்டை உண்டு. நம் நிலையத்தின் சுவர்கள் மெல்லியவை, ஆகவே உறுதியாகச் சொல்கிறோம்.

செவ்வாய்க்கிழமை அழுத்தப் பையைச் சோதிக்கும் நாள். இனி பை இருக்காது. கை சும்மா இருக்காது. கடையில் ஏதாவது ஓர் இயந்திரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். பிரித்துப் போட்டால் திட்டாதீர்கள், மறுபடி பூட்டிவிடுவார்.

நின்றுகொண்டு சாப்பிடுவார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நீங்கள் முதலில் உட்கார்ந்துவிடுங்கள். இன்னொரு நாற்காலி வாங்குங்கள். அதில் பையை வைக்க விடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை துணி துவைக்கும்போது ஒரு பாட்டு முனகுவார். அது எந்தப் பாட்டு என்று இருபத்தாறு வருஷமாக எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்தால் எங்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

சனிக்கிழமை மாலை சிடுசிடுப்பார். மறுநாள் ஜீப் போகுமா, பாதை திறந்திருக்குமா என்ற கவலை. இனி அந்தக் கவலை இல்லாதபோது சனிக்கிழமை எப்படி இருப்பார் என்று எங்களுக்கும் தெரியாது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொன்னால் நம்பாதீர்கள். உடனே ஸ்டெத்தஸ்கோப்பைத் தேடவும் வேண்டாம். பக்கத்தில் போய் உட்காருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. மாலையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவர் முகத்தில் சிரித்து முடித்த அடையாளம் இருக்கும். அந்தச் சிரிப்பை நாங்கள் பார்த்ததில்லை. அது உங்களுடையது.

எங்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லிக்கொள்கிறோம். சமையலறை ஜன்னலோரம் இனி யாரும் நிற்கமாட்டார்கள். அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்று நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. பின்னாலிருக்கும் சின்ன அறை உங்களுக்காகத் திறந்தே இருக்கும் அம்மா. கோடையில் வாருங்கள், வகுப்பு எடுங்கள், திட்டுங்கள். ஆனால் நீங்கள் இறங்கி வர ஒருவர் கீழே காத்திருக்கிறார் என்ற கணக்கில் வாருங்கள்.

நீங்கள் இறக்கிவிட்ட உயிர்களின் ஆயுளெல்லாம் உங்கள் ஆயுளோடு சேரட்டும். முழங்கால் வலிக்காமல், மூச்சு வாங்காமல், இருவரும் ஒரே காற்றைச் சுவாசித்து நெடுநாள் நலமாக வாழ வேண்டும்.

ஐயா திருப்பிச் சொல்லட்டும். அதற்குமுன் விதிப்படி உங்கள் காதருகே குனிந்து ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. பதிலுக்கு நிற்கிறோம்.

போகலாமா, அம்மா?

என்றும் உங்கள்,
நிலையத்தின் மருத்துவர்கள், செவிலியர்கள், மீட்புக் குழுவினர், சமையலறையினர், ஜீப் ஓட்டுநர்.

நிலையத்தில் வைத்துக்கொண்ட நகலின் அடியில் சிஸ்டரக்கா பிறகு தன் கையெழுத்தில் சேர்த்தது:

ஐயா எழுந்து நின்று எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார். சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் தடுமாறினார். "நீங்க முதல்ல உக்காரணும்" என்று டாக்டரம்மாவே எடுத்துக் கொடுத்தார். போகலாமா என்றதற்கு, "கூட யார் இறங்கறது?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் ஐயா. "அப்ப சரி. இருங்க, டீயைக் குடிச்சிட்டு வரேன்" என்றார். ஜீப் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. டம்ளரைக் கடைக்காரர் கவிழ்த்துப் பார்த்தார், ஒரு சொட்டுகூட மிச்சம் இல்லை.

அவர்கள் கீழே போகும் பஸ்ஸில் ஏறினார்கள். நாங்கள் மேலே வந்தோம். ஜீப்பில் அம்மா உட்காரும் முன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை, கயிற்றண்ணனின் கயிறு மட்டும் வந்தது.

மடலைச் சட்டம் போட்டுக் கொடுத்தனுப்பினோம். எந்தச் சுவரில் மாட்டுவது என்று ஐயா கேட்டாராம். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னாராம்.